புகை வராத வீடு

"சார், அந்த வீட்ல சம்சு காய்ச்சுறாங்க. சாமி சத்தியமா சொல்றேன் லா!"

புக்கிட் காத்தில் தாமான் குடியிருப்பில் காளியம்மா போட்ட சத்தத்தில், ரோந்து போன போலீஸ் சார்ஜன் வீரமுத்து காரை விட்டு இறங்கவேண்டியதாயிற்று.

"மூட்டை மூட்டையா நிலக்கரி எறக்குறாரு, எரிக்கிறாரு. நெருப்பில்லாம புகையாதும்பாங்க. இங்க நெருப்பு இருந்தும் புகையலியே சார்!"

அவள் காட்டிய வீட்டின் பின்கட்டில் இரண்டு டிரம், வளைந்த குழாய், கொதிக்கும் தண்ணீர், மூக்கைப் பிடிக்கவைக்கும் நெடி. சம்சு என்ற கள்ளச்சாராயத்துக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? வீரமுத்து டிரம்மில் கைவைத்தார்.

வீட்டுக்காரர் ஜெயரட்ணம், ஓய்வுபெற்ற மின்நிலைய எஞ்சினியர், பதறிப்போய்க் குறுக்கே நின்றார்.

"தம்பி, தொடாதேங்கோ! நிலக்கரி எரிக்கிற பவர் ஸ்டேசனுக்காக நான் செய்த மிஷின் இது. முதல் டிரம் புகையில வாற கரித்தூளைக் கழுவும். அடுத்ததில இருக்கிற மருந்துத் தண்ணி, புகையில உள்ள கரியமில வாயுவைப் பிடிச்சு வைக்கும். பிறகு அதைச் சூடாக்கினா வாயு தனியா வரும், சிலிண்டர்ல அடைச்சிடலாம். இப்ப கம்பெனிக்காரர் பார்க்க வருகினம். அவை வேண்டாமெண்டால் என்ர இவ்வளவு வருஷ உழைப்பும் குப்பைதான்!"

வீரமுத்து குனிந்து மோந்து பார்த்தார். சம்சு இல்லை. அசடு வழியச் சிரித்தார்.

கம்பெனிக்காரர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், காப்பியும் குடித்தார்கள்.

"நல்லாத்தான் வேலை செய்யுது. ஆனா இதை ஓட்டவே ஸ்டேசன் கரண்ட்ல கால்வாசி போயிடுமே. புகையைப் பிடிக்கணும்னு சட்டமா இருக்கு?" என்று பேஜரைப் பார்த்தபடி கிளம்பிவிட்டார்கள்.

பாவம் மனுஷன், அப்படியே படியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

காளியம்மாவுக்கே மனசு கேட்கவில்லை. "தப்பா நெனச்சிட்டேன், மன்னிச்சிடுங்க ஐயா. அத எனக்குக் குடுங்களேன். என் வீட்ல வெறகு அடுப்பு. புகை தாங்கலன்னு அக்கம்பக்கத்துல ஏசுறாங்க."

ஜெயரட்ணத்தின் முகம் மலர்ந்தது. "ஒரு ஆளுக்காவது என்ர மிஷின்ர அருமை தெரியுதே! கொண்டு போங்கோ அம்மா, சும்மாவே கொண்டு போங்கோ!"

வீண்பழி போட்டதற்குப் பரிகாரமாக, வீரமுத்துவே டிரம்களைத் தூக்கி வந்து காளியம்மாவின் கொல்லை வாசலில் இறக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

போலீஸ் கார் முக்குத் திரும்பியதும், தெருவில் தனக்குப் போட்டி யாருமில்லை என்ற நிம்மதியோடு, காளியம்மா தன் சம்சு அடுப்பின் புகைக்குழாயை அந்த டிரம்மில் செருகினாள்.