பெரிசு ரெண்டு, குட்டி ரெண்டு

"எத்தனை ஆடு, அக்கா?"

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து சபூரா கேட்டாள். நில அலுவலகத்தில் ஆட்டுக் கொட்டகை மனுவெல்லாம் அவள் மேசைக்குத்தான் வரும்.

"நாலு," என்றாள் சந்திரிகா. "பெரிசு ரெண்டு, குட்டி ரெண்டு."

தீவின் பின்பக்கம், பாலிக் புலாவில், மாமனார் விட்டுப்போன கால் ஏக்கர் ஜாதிக்காய்த் தோட்டம். சொந்த மண்தான். வீடு கட்ட மூன்று தடவை மனுப் போட்டாயிற்று. விவசாய நிலம், அதுவும் துண்டு நிலம், வீட்டுக்கு அனுமதி இல்லை என்று மூன்று தடவையும் திருப்பிவிட்டார்கள்.

கொட்டகைக்கு உண்டாம்.

ஆயர் ஈத்தாம் வாடகை வீட்டை முதலாளி விற்றுவிட்டான். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். தீவில் வீட்டு விலை விசாரித்துவிட்டு வந்த அன்று புருஷன் சிவநேசன் சோற்றில் கை வைக்கவில்லை. "நமக்கெல்லாம் இங்க இடம் இல்ல லா," என்று எழுந்து போய்விட்டான்.

"குட்டிங்களுக்கு என்ன வயசு?"

"ஒண்ணு நாலாம் ஆண்டு படிக்குது, இன்னொண்ணு..."

நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பேனா நின்றது. போச்சு, எல்லாம் போச்சு.

சபூரா நிமிரவில்லை. "நாலு மாசம்," என்று முணுமுணுத்தபடி எழுதினாள்.

பிறகு பாடம் ஒப்பிப்பதுபோல் தானாகவே சொல்லிக்கொண்டு போனாள்.

"சுவரு பலகையிலதான் அடிக்கணும், கல்லு கூடாது. ஜன்னல் ரெண்டு வைக்கலாம், ஆட்டுக்குக் காத்து வேணும்ல? தண்ணிக் குழாயும் போட்டுக்கலாம், குடிக்கணுமே. கதவுக்கு நல்ல பூட்டா பார்த்து வாங்குங்க."

மூன்று தடவை மனுஷியாக வந்து கேட்டாள், ஒருவரும் முகம் கொடுக்கவில்லை. ஆடாக வந்ததும் ஜன்னல் என்ன, குழாய் என்ன!

முத்திரை விழுந்தது.

தாளை நீட்டும்போது சபூரா குரலைத் தாழ்த்தினாள். "ஜன்னலுக்குக் கறுப்புத் துணி தச்சுப் போடுங்க. ஆடு ராத்திரியில விளக்குப் போட்டு வீட்டுப்பாடம் எழுதாது."

சந்திரிகா தாளை வாங்கிக்கொண்டு கண்ணாடியருகே குனிந்தாள். "உனக்கு எப்படி தங்கச்சி இதெல்லாம்..."

சபூரா வரிசையில் அடுத்த ஆளுக்கான எண்ணை அழுத்தினாள்.

"நாங்க கோழி, அக்கா," என்றாள். "கூண்டுல ஆறு."