சித்திரை மாதத்துப் புல்

"புல்லுல கால் வெக்காதீங்க அம்மிணி! மருந்தடிச்சிருக்குது!"

முதுகில் மருந்து டேங்கைச் சுமந்து நின்ற தோட்டக்காரர் லிங்கசாமி கத்திய கத்தலில், ஷாஸியா தூக்கிய காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். வெளிநாட்டுக்காரர்களுக்குத் துணி வாங்கிக் கொடுக்கும் சென்னை பையிங் ஆபீசிலிருந்து வந்திருந்தாள். இந்தப் பனியன் கம்பெனிக்கு ஆர்டர் தருவதும் தராததும் அவள் கையில்.

முதலாளி மகுடேஸ்வரன் அவளைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தார். காங்கேயம் ரோட்டுப் பக்கம் கருத்துக்கொண்டு வந்தது.

"உள்ள போயிரலாங்க மேடம். மழை வர்றாப்ல இருக்குது."

"வரட்டுமே சார். இந்த வெயில்ல ஒரு மழை பெஞ்சா உங்க புல்லுக்கு நல்லதுதானே? அதுக்கு ஏன் தோட்டக்காரர் மூஞ்சி இப்படிப் போகுது?"

லிங்கசாமி முதலாளியைப் பார்த்தார். முதலாளி தரையைப் பார்த்தார். சிக்கல் என்று வந்தால் சம்பளம் கொடுக்கிறவன் துணைக்கு நிற்க மாட்டான். லிங்கசாமிக்கு அது புதிதல்ல.

ஷாஸியா பையிலிருந்து ஒரு பச்சைத் துணித் துண்டை எடுத்து ஆட்டினாள்.

"போன வாரம் அனுப்பினீங்களே, இதுவும் ரிஜெக்ட். ஜெர்மனிக்காரன் கேட்டது இயற்கையான பச்சை. இது பெயிண்ட் டப்பா பச்சை."

"இந்த ஆர்டரும் போச்சுன்னா நைட் ஷிப்டையே நிறுத்தோணுங்க மேடம். அத்தன குடும்பமும் எங்கீங்க போகும்?"

"அதுக்கு நான் என்ன சார் பண்றது? உங்க ஆளுங்களுக்குக் கண்ணே இல்லையா? வாசல்லயே வெச்சிருக்கீங்க, பாருங்க!" துணியைப் பிடித்த கையாலேயே புல்லைக் காட்டினாள். "இதுதான் பச்சை. கடவுள் குடுத்த பச்சை. இதே ஷேடு குடுங்க, இப்பவே ஆர்டர் போடறேன். முடியாதுன்னா சொல்லிடுங்க, அடுத்த கம்பெனிக்குப் போறேன்."

மகுடேஸ்வரன் மறுபடியும் வானத்தைப் பார்த்தார்.

சொத்தென்று ஒரு சொட்டு விழுந்தது. அடுத்த மூச்சில் சடசடவென்று கொட்டியது. மூவரும் போர்டிகோவுக்குள் ஓடினார்கள்.

சிமெண்டுத் தரையில் தண்ணீர் வழிந்து வந்து ஷாஸியாவின் வெள்ளைச் செருப்பைத் தொட்டது. பச்சைத் தண்ணீர். அங்கே புல் தேங்காய் நாரைப்போல வெளுத்துக்கொண்டிருந்தது.

"என்னங்க இது?"

முதலாளி இப்போதும் தரையைத்தான் பார்த்தார். லிங்கசாமி முதுகு டேங்கைக் கழற்றிக் கீழே வைத்தார். போகிற வேலை போகட்டும்.

"உங்க கையில இருக்கற துணிக்குப் போட்டு மிச்சமான சாயமுங்க, அம்மிணி."