முதுகு காட்டிய ஆர்க்கிட்

நெதர்லாந்தின் டெவென்டர் ஊரில் நாங்கள் ஜன்னலுக்குத் திரை போடுவதில்லை. பூச்சட்டியைத் தெருவைப் பார்த்துத்தான் வைப்போம். சாக்லேட் மணக்கும் என் கலப்பின ஆர்க்கிட் மட்டும் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மாடிப்படிக்கு அடியில் இருக்கும் இருட்டு அலமாரியையே பார்த்தது. சட்டியைத் திருப்பி வைத்தால், விடிவதற்குள் பூக்கள் மறுபடி அலமாரிப் பக்கம் திரும்பிவிடும். உள்ளே துடைப்பமும் பழைய கோட்டுகளும்தான் இருந்தன. தினமும் திறந்து பார்த்தேன்.

எதிர்வீட்டு சீட்ஸ்கே காபிக்கு வந்தாள். நான் தடுப்பதற்குள், மழையில் நனைந்த தன் கோட்டை அந்த அலமாரிக்குள் மாட்டிவிட்டாள்.

"ஏன்டி, தெருவுல போறவங்க உன் பூவோட முதுகையா பார்க்கணும்?"

"திருப்பி வச்சா நிக்க மாட்டேங்குது. நான் என்ன பண்ண?"

"செல்லம் கொடுத்துக் கெடுத்து வச்சிருக்க."

காபி முடிந்ததும் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை என் பூக்கள் எல்லாம் தெருப்பக்கம் திரும்பியிருந்தன. சீட்ஸ்கே தன் வாசலில் நின்று சிரித்தாள்.

"இப்பதான் ஒழுங்கா நிக்குது. நேரா என் வீட்டைத்தான் பார்க்குது."

நான் கையை மட்டும் ஆட்டினேன். அவளுக்குப் பின்னால், அவள் ஜன்னலில் எப்போதும் தெருவைப் பார்த்து நிற்கும் இரண்டு வெள்ளை ஆர்க்கிட்டுகளும் வீட்டுக்குள் திரும்பியிருந்தன.