ஒரு சொட்டு மெத்தனால்

சுரேகா கணினித் திரையைப் பார்த்து விம்மி விம்மி அழுதாள். இந்தத் தடவையும் ஊத்திக்கொண்டது என்று நினைத்து, லேப் உதவியாளர் திருவேங்கடம் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார்.

"வந்துடுச்சுண்ணே. மெத்தனால் வந்துடுச்சு."

ஐந்து வருஷம் ஐயா, ஐந்து வருஷம்! பூந்தமல்லி தாண்டி இருக்கும் அந்தக் கல்லூரியில், இரும்பு சேர்த்த ஜியோலைட் என்ற தூளை வைத்து மீத்தேன் வாயுவை மெத்தனாலாக மாற்ற மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பாழாய்ப்போன வாயு மசியவே இல்லை. கொஞ்சம் மசிந்த நாளிலும் வெறும் கரியமில வாயுவாகத்தான் வெளியே வந்தது.

படிப்பு முடிகிற வழியைக் காணோம் என்று ஆவடி குவார்ட்டர்ஸில் அப்பா அவளோடு பேச்சை நிறுத்தி ஆறு மாதம் ஆகிறது. இன்று பதினொரு மணிக்குள் ரிசல்ட் இல்லையென்றால் பிஎச்.டி. பதிவு ரத்து என்று கமிட்டியும் கறாராகச் சொல்லிவிட்டது.

ஆயுதபூஜை லீவு முடிந்து இன்று விடியற்காலையிலேயே அவள் வந்தபோது, லேபில் எல்லாக் கருவியும் பளபளவென்று சந்தனப் பொட்டோடு இருந்தது. லீவுக்கு முன்பே, வாயுவை மாற்றும் அந்த எஃகுக் கலனை, ரியாக்டரை, தண்ணீரில் அலசிக் காயவைத்திருந்தாள். அதனால் இறுக்கியிருந்த மூடியைத் திறந்து, நேரே தூளையும் பெராக்சைடு கலந்த தண்ணீரையும் போட்டு வாயுவை ஏற்றினாள். நம்பிக்கையெல்லாம் எப்போதோ செத்துவிட்டது, கடமைக்குத்தான் செய்தாள்.

இன்னொரு தரம் ஓட்டிப் பார்க்க நேரமில்லை. திரையில் வந்த வரைபடத்தை அப்படியே கமிட்டி முன் வைத்தாள்.

சிடுமூஞ்சி கைடே எழுந்து கை கொடுத்தார். ஒரு வருஷம் நீட்டிப்பு கிடைத்தது. அடுத்த மாதம் பெங்களூர் மாநாட்டில் பேச அவள் பெயரையும் அங்கேயே அனுப்பிவிட்டார்கள். அப்பாவுக்குப் போன் போட்டாள். மனுஷன் ஆறு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக, "சாப்பிட்டியாம்மா?" என்றார்.

மைசூர்பாக்கு வாங்கிக்கொண்டு திருவேங்கடத்தைத் தேடிப் போனாள்.

"எல்லாம் நீங்க போட்ட பூஜைதாண்ணே."

அவருக்கு வாயெல்லாம் பல். மற்ற மெஷினையெல்லாம் ஈரத்துணியில் துடைத்ததோடு சரி என்றார். இவள் படும் பாட்டைப் பார்த்து மனசு கேட்காமல், இவளுடைய ரியாக்டருக்கு மட்டும் தனி கவனிப்பாம்.

"இன்னாண்ணே பண்ணீங்க?" என்றாள் சிரித்தபடி.

"உள்ளாற மெத்தனால் ஊத்திக் கழுவினேன் பாப்பா."