பாதிக் கதவு

“அம்மா, நம்ம புதுத் தச்சர் கூத்தைக் கேளேன்! நாள் முழுக்கக் கதவு செய்யறார். ஆனா மூடின கதவு முன்னாடி சிலை மாதிரி நிக்கிறார். யாராவது திறந்துவிட்டாத்தான் உள்ளே வர்றார்!” மகள் சிரித்தாள்.

“ஏழு வருஷம் ஜெயில்ல இருந்தவர்மா,” என்றார் பட்டறை முதலாளியான அப்பா. “அங்கே கதவை அவங்களா திறக்க முடியுமா? அந்தப் பழக்கம்.”

மகளின் சிரிப்பு நின்றது. “ஜெயிலா? இன்னைக்கே அனுப்பிடுங்கப்பா. நமக்கெதுக்கு வம்பு?”

அப்பா அம்மாவைப் பார்த்தார்.

“விடுதலையாகி வந்த புதுசுல நானும் அப்படித்தான்டி நின்னேன்,” என்றாள் அம்மா. “உங்கப்பா பாதிதான் திறந்துவிடுவார். மீதியை என்னையே தள்ளச் சொல்வார்.”

வாசலில் தச்சரின் காலடிச் சத்தம் வந்து நின்றது.

மகள் எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். பாதி மட்டும்.