கப்பலேறிய மரைக்காயர்

“சொகுசுக் கப்பல்லாம் ஒரு கப்பலா? மிதக்கிற ஹோட்டல் லா! எங்க பூட்டனார் நாகப்பட்டினத்துலேருந்து பாய்மரக் கப்பல்ல வந்தவரு. கடல் எங்க ரத்தத்துல ஓடுது!”

மகள் டிக்கெட் எடுத்திருந்த சொகுசுக் கப்பல் சுற்றுலாவை ஜலால் மரைக்காயர் இப்படித்தான் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தார்.

“அப்ப பாய்மரக் கப்பல்லயே ஏறிப் பாத்துடுவோம், வாங்க” என்று மறுநாளே அவரைக் கிளப்பிவிட்டாள் மனைவி ருக்கையா.

தாடியை நீவியபடி கம்பீரமாக மேல்தளத்தில் ஏறினார் மரைக்காயர். தலைக்குமேல் பாய் படபடத்தது. கீழே அலை இரைந்தது. அவர் முகம் வெளுத்தது. ஓடிப்போய்ப் பாய்மரத்தைக் கட்டிக்கொண்டார்.

“ருக்கையா, என்னமா ஆடுது! பை... பை இருக்கா?”

அவள் பையை நீட்டுவதற்குள் காலையில் சாப்பிட்ட மீ கோரெங் நூடுல்ஸ் வெளியே வந்துவிட்டது.

ஓடிவந்த வழிகாட்டிப் பெண் தண்ணீர் கொடுத்தாள்.

“பயப்படாதீங்க அங்கிள். அலைச் சத்தம் ஸ்பீக்கர்ல வருது, காத்து ஃபேன்ல வருது. கப்பலை சிமெண்டுத் தரையில போல்ட் போட்டு இறுக்கியிருக்கோம். இது மியூசியத்தோட மூணாவது மாடி. கீழே கார் பார்க்.”

ருக்கையா சற்றுத் தள்ளிப் போய் மகளுக்குப் போன் போட்டாள்.

“வாப்பா டிக்கெட்டை மட்டும் கேன்சல் பண்ணிடும்மா. நான் வர்றேன் லா!”