ஆடாத மூடி

மூடி உட்கார்ந்துவிட்டது.

சத்தமே இல்லை. தேநீர்க் கெண்டியின் வாயில் அயனோ அதை வைத்ததும், உள்ளே இருந்த காற்று மெல்ல வெளியேற, அது தானாக இறங்கி நின்றது.

என் நெஞ்சும் கூடவே நின்றது.

பொருந்தக் கூடாத மூடி அது. நேற்று சாயங்காலம் நானே பொடிமணலும் நீரும் விட்டுத் தேய்த்து, போதும் என்ற இடத்தைத் தாண்டியும் தேய்த்து, லொடலொடவென்று ஆக்கித் தட்டில் வைத்திருந்தேன்.

குனிந்து பார்த்தேன். குமிழ் என்னுடையது இல்லை. நான் வைக்கும் குமிழ் பட்டாணிபோல உருண்டிருக்கும். இதன் தலை லேசாகக் குழிந்திருந்தது. என் அக்கா மிசாவோவின் கட்டைவிரல் பதிந்த குழி.

அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு தன் வேலையில் இருந்தாள். விசில் அடித்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் பட்டறையில் கெண்டி வனைவது நான், மூடி பொருத்துவது அவள். கெண்டியும் மூடியும் ஒரே மண்ணில் பிறந்து, சேர்ந்தே காய்ந்து, சேர்ந்தே வெந்து, கடைசியில் ஒன்றோடொன்று தேய்ந்து ஜோடியாகின்றன. பழைய கெண்டிக்குப் புது மூடி கேட்டு வந்தால் எங்கள் ஊரான டோக்கொனாமேயில் எந்தப் பட்டறையும் ஒப்புக்கொள்ளாது. சூளையில் மண் எவ்வளவு சுருங்கும் என்பதைச் சூளைதான் தீர்மானிக்கும்.

இலையுதிர்காலத்தில் மூடியில்லாத கெண்டியோடு அயனோ வந்தபோது, "செஞ்சுடலாம்" என்று சொன்னேன். அக்கா கையிலிருந்த மூடியைக் கீழே போட்டுவிட்டாள். அந்த ஒரு மூடியை மட்டும் நானே செய்வதாக எடுத்துக்கொண்டேன்.

நான் முதலில் பார்த்தது கெண்டியைத்தான். மெருகு பூசாத செம்மண். உள்பக்கம் தேநீர் குடித்துக் குடித்துக் கறுத்திருந்தது. முகர்ந்து பார்த்தேன். சோப்பு ஒருநாளும் பட்டதில்லை. பட்டிருந்தால் மண் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு காட்டிக்கொடுத்திருக்கும். பூஞ்சை வாடையும் இல்லை. வெந்நீரில் மட்டும் கழுவி, மூடியைத் தனியே எடுத்துவைத்துக் காயவிடுகிறவள். அப்படிக் காயவைத்த மூடியைத்தான் அவள் பூனை தட்டிவிட்டிருந்தது.

ஒரு கெண்டியை இப்படி வைத்திருக்கிறவளோடு நிறையப் பேச வேண்டும்போல இருந்தது. பேசவில்லை. கெண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டுப் புதன்கிழமை வரும்படி சொன்னேன். புதன் அவளுடைய கடற்பாசிக் கடைக்கு விடுமுறை.

ஆரம்பத்து மூடிகள் உண்மையாகவே பொருந்தவில்லை. பிறகு மண் சுருங்கும் அந்தக் கணக்கு எனக்குப் பிடிபட்டுவிட்டது. அதிலிருந்துதான் கூடுதலாகத் தேய்க்க ஆரம்பித்தேன்.

ஒவ்வொரு புதனும் வருவாள். மூடியை வைத்துப் பார்ப்பாள். அது ஆடும். "அடடா" என்பாள். அப்புறம் வேறு கெண்டியில் தேநீர் போட்டு, அவள் பாசித்தாள் சுற்றிக் கொண்டுவந்த சோற்றுருண்டையைத் தின்போம். பேச்சு அதிகம் இருக்காது. அவளோடு பேசாமல் இருப்பது, மற்றவர்களோடு பேசுவதைவிட எனக்கு நன்றாக இருந்தது.

இனி அவள் வருவதற்குக் காரணம் இல்லை.

அயனோ கெண்டியில் நீர் ஊற்றினாள். மூடியின் காற்றுத்துளையை விரல்நுனியால் அடைத்துக்கொண்டு சாய்த்தாள். மூக்கிலிருந்து ஒரு சொட்டுகூட வரவில்லை. விரலை எடுத்தாள், கொட்டியது. அடைத்தாள், வெட்டினாற்போல நின்றது.

எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது. எனக்கு அழுகை வந்தது.

அவள் சிரிக்கவில்லை. கெண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் ஆடுதில்ல?" என்றாள்.

குமிழைப் பிடித்து ஆட்டிக் காட்டினாள். மூடி அசையவில்லை. அவள் இன்னும் அழுத்தித் திருக, மூடியோடு கெண்டியும் சேர்ந்து மேசையில் ஒரு சுற்றுச் சுற்றியது.

நானும் குனிந்து குமிழைத் தொட்டுப் பார்த்தேன்.

"ஆமா, ஆடுது. ரொம்பவே ஆடுது."

விசில் நின்றது. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"எங்கடா ஆடுது? காட்டு." கெண்டியைப் பிடுங்கித் துளையை அடைத்து எங்கள் மூக்குக்கு நேராகச் சாய்த்தாள். "சொட்டுதா? ரெண்டு பேருக்கும் கண்ணு அவிஞ்சா போச்சு? ஏம்மா, நீ எடுத்துக்கிட்டுக் கிளம்பு. இவன் இந்த ஒத்த மூடியைக் கட்டிக்கிட்டுப் பனிக்காலம் பூரா உக்காந்துட்டான், மத்த வேலையெல்லாம் அப்படியே கெடக்கு."

தப்பிக்க வழியில்லை.

அயனோ கெண்டியைத் துணியில் வைத்து முடிச்சுப் போட்டாள். அவிழ்த்தாள். மறுபடியும் போட்டாள். குனிந்து செருப்பை மாட்டினாள். கதவைத் தள்ளினாள். வெயிலும் குளிரும் ஒன்றாக உள்ளே வந்தன.

சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. யாரோ என் துளையை அடைத்துவிட்டதுபோல ஒன்றுமே வெளியே வரவில்லை.

வாசல்படியில் அவள் நின்றாள். திரும்பவில்லை.

"எங்க வீட்ல இன்னும் ரெண்டு கெண்டி இருக்கு," என்றாள். "அதுக்கும் மூடி வேணும்."

அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "அதுவும் போச்சா? அது எப்போ உடைஞ்சுது?"

அயனோவின் காதுமடல்கள் எங்கள் மண்ணின் நிறத்துக்கு வந்திருந்தன.

"இன்னும் உடையல," என்றாள்.